காலை ஆறரைக்கு டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் இறங்கினால் எட்டு மணி ஷின்கான்சென் அதிவேக ரயிலைப் பிடிக்க முடியுமா?

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து ஜப்பான் போகிறோம், இறங்கிய கையோடு கியோட்டோவுக்கு ரயில் ஏறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகுப்பையோடு தனி ஆளாகப் போனால் ஏறிவிடலாம். ஐந்து பேரோடு முடியாது. அதே ஐந்து பேர், அதே கணக்கு, நான் போட்டுப் பார்த்துச் சூடு பட்டவன்.

கணக்கு காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. ஹனேடாவிலிருந்து ஷினகாவாவுக்குக் கெய்க்யூ ரயிலில் கால் மணி நேரம். ஷின்கான்சென் அங்கேயே நிற்கும் என்பதால் டோக்கியோ நிலையம் வரை போக வேண்டாம். ஷின்கான்சென்களில் வேகமான நொசோமியில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்துக்குள் கியோட்டோ. நம்மூர் தானா மேரா நிலையத்தில் எம்ஆர்டி ரயில் மாறுகிற மாதிரிதானே என்று எட்டு மணி பத்து நிமிட வண்டிக்குச் சலுகைச் சீட்டு எடுத்துவிட்டேன்.

விமானம் முக்கால் மணி நேரம் தாமதம். பிறகு சின்னவனுக்குக் கழிப்பறை, குடிநுழைவு வரிசை, கைரேகை, நான்கு பெட்டி, சுங்கம். வெளியே வரும்போதே எட்டேகால். அது ஆபீஸ் நேரம் வேறு. கெய்க்யூ கதவு திறந்ததும் உள்ளே எட்டிப் பார்த்த அம்மா, "இதுல எங்கடா ஏறுறது, அடுத்ததுல போவோம்" என்றார். அடுத்ததும் அப்படித்தான். மூன்றாவதில் ஏறி ஷினகாவா போனால், நுழைவாயில் இயந்திரம் கத்துகிறது. சலுகைச் சீட்டுக்கு வண்டி போனால் போனதுதான். மூன்று பெரியவர்கள், இரண்டு அரை டிக்கெட், மறுபடி ஏறக்குறைய 56,000 யென். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

விமானம் தாமதமாவது ரயில்காரருக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவர் காத்திருக்கப் போவதில்லை. அதனால் இறங்குகிற நாளில் மட்டும் மலிவுச் சீட்டுக்கு ஆசைப்படாதீர்கள். சாதாரண முன்பதிவுச் சீட்டு என்றால், வண்டியைத் தவறவிட்டாலும் அன்றைக்கே முன்பதிவில்லாத பெட்டியில் ஏறலாம். ஸ்மார்ட் இஎக்ஸ் செயலியில் சாதாரணச் சீட்டு எடுத்தால், வண்டி கிளம்பும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் நேரத்தை மாற்றலாம். குடிநுழைவு வரிசையில் நின்றபடியே மாற்றிவிடலாம். நெரிசல் நேரத்தில் நொசோமி மணிக்குப் பன்னிரண்டு வரை ஓடுகிறது, அடுத்த வண்டிக்குப் பஞ்சமில்லை. ஆனால் வருடக் கடைசியில் போனால் கவனம்: அந்த நாட்களில் நொசோமி முழுக்க முன்பதிவுப் பெட்டிகள்தான். கையில் இருக்கை இல்லாமல் போய் நிற்காதீர்கள்.

இதெல்லாம் ஹனேடாவில்தான் இறங்குவது என்றால். விமானச் சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால் போகும்போது ஒசாகா, திரும்பும்போது டோக்கியோ என்று எடுங்கள். ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்தில் முதல் முனையத்தை ஒட்டியே ரயில் நிலையம். ஹருகா ரயில் நேராகக் கியோட்டோ போய்விடும், ஏறக்குறைய 80 நிமிடத்தில். அம்மா ஒரே ஒரு தடவை ஏறி இறங்கினால் போதும். மலிவு விமானங்கள் சில இரண்டாம் முனையத்துக்குப் போகும், அங்கிருந்து இலவசப் பேருந்து பிடித்து வர வேண்டும். இப்படிப் போனால் ஷின்கான்சென் ஒரு வழி மட்டுமே, ஆளுக்குச் சுமார் 14,000 யென். நம்மூர் தேக்காவில் பார்க்கிறவர்கள் எல்லாம், ஜப்பான் ரயில்களில் இஷ்டம்போல் ஏறி இறங்குகிற ஜேஆர் பாஸ் வாங்கு என்பார்கள். அது பழைய கதை. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது.

ஐந்து பேருக்கு ஒரு வசதி உண்டு. ஷின்கான்சென் சாதாரண வகுப்பில் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு. ஒரு வரிசை முழுக்க உங்களுடையது. அம்மாவை இரட்டை இருக்கைப் பக்கத்தில் ஜன்னலோரமாக உள்ள 'E' இருக்கையில் உட்கார வையுங்கள். எந்தத் திசையில் போனாலும் ஃபூஜி மலை அந்த ஜன்னல் பக்கம்தான்.

பெட்டியை வீட்டிலேயே தையல் டேப்பால் அளந்துவிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், பெட்டி வைக்க இடமுள்ள கடைசி வரிசை இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணம் கிடையாது. செய்யாமல் ஏறினால் 1,000 யென் தண்டம். எங்கள் 28 அங்குலப் பெட்டி 158 வந்தது, சக்கரத்தோடு சேர்த்து. இன்னும் நல்ல வழி, விமான நிலையத்திலேயே தக்கியூபின் என்கிற பெட்டி அனுப்பும் சேவையின் கவுன்டரில் பெரிய பெட்டிகளைக் கொடுத்து ஹோட்டலுக்கு அனுப்பிவிடுவது. பெரும்பாலும் மறுநாள் வந்துவிடும். ஒரு இரவுக்கான துணியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதோடு அம்மாவின் மாத்திரைகளையும். நாங்கள் திரும்பும்போது கியோட்டோவிலிருந்து அனுப்பிய பெட்டிக்குள் சர்க்கரை மாத்திரை போய்விட்டது. "நான் சாப்பாட்டைக் குறைச்சுக்கிறேன்" என்று அம்மா சமாதானம் சொன்னார், ராமென் கடையில் உட்கார்ந்துகொண்டு.

திரும்பும் நாளுக்கு முந்தைய இரவு டோக்கியோவிலேயே தங்கிவிடுங்கள். கியோட்டோவில் தங்கி, அன்றே விமானம் பிடிக்கிற சாகசம் வேண்டாம். சீட்டில் ஹனேடாவா நரிட்டாவா என்று இரண்டு தடவை பாருங்கள். நரிட்டா நகரத்திலிருந்து 60 கிலோமீட்டருக்கும் மேல், எக்ஸ்பிரஸ் ரயிலிலேயே ஒரு மணி நேரம் பிடிக்கும்.

சாங்கி விமான நிலையத்தில் நள்ளிரவு தாண்டி இறங்கினால் எம்ஆர்டி இருக்காது, டாக்சி மீட்டரில் 50 விழுக்காடு கூடும். ஐந்து பேரும் நான்கு பெட்டியும் சாதாரண டாக்சியில் அடங்காது. கிளம்புவதற்கு முன்பே மேக்சிகேப் என்கிற பெரிய டாக்சிக்குச் சொல்லி வைத்துவிடுங்கள்.