பெட்டிக்குள் உட்கார்ந்து கேட்ட பிரசங்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லீட்ஸில் இருக்கும் மகனிடம் போயிருந்தபோது ஒரு நாள் யார்க் கூட்டிப்போனான். மின்ஸ்டர் என்ற பேராலயத்தைப் பார்த்துவிட்டு வரும் வழியில் குட்ராம்கேட் தெருவில் ஒரு வளைவுக்குள் நுழைந்தோம். உள்ளே ஹோலி டிரினிட்டி என்று ஒரு பழைய சர்ச். வழக்கமான ஆராதனை நின்று பல வருடம் ஆயிற்றாம். உள்ளே மாட்டுத் தொழுவத்தைத் தடுத்த மாதிரி மரப்பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு. சிலவற்றில் உட்கார்ந்தால் கிழக்கே இருக்கும் திருவிருந்து மேசைக்கு முதுகு காட்ட வேண்டும். நான் சிஎஸ்ஐ சபையில் வளர்ந்தவன், இப்படி எங்கும் பார்த்ததில்லை. கடவுளுக்கு முதுகு காட்டும் இருக்கையை யார் செய்வார்கள்? ஆள் வராத கட்டடத்தைச் சும்மா வைத்திருப்பதற்கு ஒரு நூலகமாகவாவது ஆக்கக் கூடாதா?

கே., பாளையங்கோட்டை

அன்புள்ள கே.,

உங்கள் எரிச்சல் புதிதில்லை. 1839இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் சிலர் கேம்டன் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். இந்த மரப்பெட்டிகளைக் கண்டாலே அவர்களுக்கு ஆகாது. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, கிழக்கே பார்க்கும் திறந்த பெஞ்சுகளைப் போடுங்கள் என்று விடாமல் எழுதினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தின் பெரும்பாலான சர்ச்சுகளில் அது நடந்தும்விட்டது. சர்ச் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று இன்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி அவர்கள் ஜெயித்ததால் வந்தது.

அவர்களுக்கு முந்தைய இருநூறு வருடங்களில் ஆராதனையின் மையம் பிரசங்க பீடம். திருவிருந்து வருடத்தில் சில தடவைதான். மற்ற ஞாயிறுகளில் ஜெபம், வேதவாசிப்பு, பிறகு நீளமான பிரசங்கம். ஹோலி டிரினிட்டியில் பீடம் இரண்டு அடுக்காக இருக்கும், கவனித்திருப்பீர்கள்: கீழடுக்கில் வாசிப்பு, மேலடுக்கில் பிரசங்கம். விட்பி ஊரின் செயின்ட் மேரி சர்ச்சில் மூன்று அடுக்கு. அங்கே போதகர் ஒருவரின் மனைவிக்குக் காது மந்தம் என்பதற்காகப் பீடத்திலேயே கேட்புக்குழல்களைப் பொருத்தியிருக்கிறார்கள். காதால் கேட்பதுதான் வழிபாடு என்று நம்பியவர்களுக்கு, சொல்பவரின் முகத்தைப் பார்த்து உட்கார்வதுதான் மரியாதை. முதுகு எந்தத் திசையில் இருந்தால் என்ன?

அந்தப் பெட்டி ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்தீர்களா? தரை ஒரே மட்டமாக இல்லாததால் பெட்டிகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கும், பலகைகளின் மேல்விளிம்பு நேர்கோட்டில் வராது. உட்கார்ந்ததும் பக்கத்துப் பெட்டிக்காரரின் உடம்பு மறைந்து தலை மட்டும் தெரியும். கணப்பு இல்லாத கல் கட்டடத்தில் கால்களுக்குக் குளிர்காற்று அடிக்காது. பிள்ளைகளும் எங்கும் ஓடிவிட முடியாது. சரி, வசதி மட்டும்தானா காரணம் என்றால், இல்லை. எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பெட்டி என்பது அந்தஸ்தைப் பொறுத்தது. பல ஊர்களில் பெட்டிக்கு வாடகையும் உண்டு. ஏழைகளுக்குப் பின்பக்கமோ ஓரமோ. விட்பியில் ‘வெளியூர்க்காரர்களுக்கு மட்டும்’ என்று எழுதிய இருக்கைகளே இருக்கின்றன. கேம்டன்காரர்களின் கோபத்தில் இந்த விஷயத்தில் நியாயம் இருந்தது, மறுக்க மாட்டேன்.

ஆனால் நீங்கள் பெட்டிகளைப் பார்த்த வேகத்தில் கிழக்குச் சுவரை விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். மேலே இருக்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னல் 1471ஆம் வருடத்தது. அப்போதைய பங்குக்குரு ஜான் வாக்கர் கொடுத்தது. நடுவில் பிதா, இறந்த மகனின் உடலைக் கையில் தாங்கி நிற்கிறார். சுற்றிலும் புனிதர்கள். அதற்கு நேர் கீழே பதினெட்டாம் நூற்றாண்டுப் பலகைகள்: பத்துக் கட்டளைகள், பரமண்டல ஜெபம், விசுவாசப் பிரமாணம். அவற்றில் படமே கிடையாது, எல்லாம் எழுத்து. இடையில் நடந்தது மதச் சீர்திருத்தம், இங்கிலாந்து ரோமைவிட்டுப் பிரிந்தது. இறந்தவர்களின் ஆன்மாவுக்குப் பூசை வைக்கும் ஏற்பாடுகள் 1547இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டன, நாடு முழுக்கச் சிலைகள் உடைந்தன. 1644இல் உள்நாட்டுப் போரில் யார்க் முற்றுகைக்கு விழுந்தபோது, சர்ச்சுகளைச் சிதைக்கக் கூடாது என்று சரணடைவு உடன்படிக்கையிலேயே எழுதிக்கொண்டார்கள். அதனால் இந்த ஊரின் கண்ணாடிகள் பிழைத்தன. உருவத்தை நம்பியவர்களும் எழுத்தை நம்பியவர்களும் ஒரே சுவரில் மேலும் கீழுமாக இருப்பதை இவ்வளவு நெருக்கத்தில் பார்க்கும் இடங்கள் குறைவு.

தெருப்பக்கம் சர்ச் கட்டடத்தை மறைத்து நிற்கும் சின்ன வீட்டு வரிசையும் இந்தக் கதையில் சேர்ந்ததுதான். லேடி ரோ என்று பெயர், 1316இல் சர்ச் நிலத்தில் கட்டியது. அந்த வாடகையில்தான் உள்ளே மாதாவின் பீடத்தில் பூசை வைக்கும் குருவுக்குச் சம்பளம். பூசை நின்று ஐந்நூறு வருடம் ஆகப்போகிறது, வீடுகள் நிற்கின்றன.

சுவரில் யார்க் மேயர்களின் பெயர்ப்பலகைகள் உண்டு. அதில் ஜார்ஜ் ஹட்சனும் இருக்கிறார், ரயில் கம்பெனிக் கணக்குகளில் கைவைத்து 1849இல் மாட்டிக்கொண்டவர். இன்னொன்று: 1834 ஈஸ்டர் அன்று ஆன் லிஸ்டரும் ஆன் வாக்கரும் சேர்ந்து திருவிருந்து எடுத்தது இங்கேதான். அதைத் தங்கள் திருமணமாகவே அந்த இரு பெண்களும் கருதினார்கள். வெளியே வானவில் விளிம்போடு ஒரு பலகை இருக்கும். 2018இல் வைத்ததில் ‘லெஸ்பியன்’ என்ற சொல் இல்லை என்று எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருடம் மாற்றி வைத்தார்கள். இப்போது அந்தச் சர்ச்சுக்குத் தேடி வருபவர்களில் நிறையப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள்.

நூலகம் பற்றிக் கேட்டீர்கள். யார்க் அதையெல்லாம் செய்து பார்த்த ஊர். செயின்ட் சாம்சன் சர்ச் முதியவர்கள் வந்து டீ குடித்துப் பேசிக்கொண்டிருக்கும் மையமாக இருக்கிறது. மிக்கிள்கேட்டில் செயின்ட் ஜான் சர்ச் மதுக்கூடமாகிவிட்டது. எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை, இடிப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் எந்த உபயோகத்துக்கு மாற்றினாலும் முதலில் வெளியே போவது இருக்கைகள்தான். இயங்கும் சபைகளுக்கும் இதே பிரச்சினை: கணப்பு வேண்டும், கழிப்பறை வேண்டும், நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்த வேண்டும். ஹோலி டிரினிட்டி சபைக்கு எல்லாவற்றையும் மாற்றும் அளவுக்கு ஆளோ பணமோ சேரவில்லை. கேம்டன்காரர்கள் பெரிதாகக் கைவைக்காமல் போனதற்கு எனக்குத் தெரிந்து வேறு காரணம் இல்லை.

அப்புறம், அது சும்மா கிடக்கவும் இல்லை. 1969இல் அமைத்த ஒரு அறக்கட்டளை, இன்று சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட், இப்படிப்பட்ட 350க்கும் மேற்பட்ட சர்ச்சுகளைப் பார்த்துக்கொள்கிறது. பணம் கொஞ்சம் அரசாங்கத்திடமிருந்து, கொஞ்சம் திருச்சபையிடமிருந்து, மீதி நன்கொடை. பிரதிஷ்டை ரத்தாகவில்லை என்பதால் எப்போதாவது ஆராதனையும் நடத்தலாம்.

அடுத்த தடவை மகனிடம் சொல்லி ராபின் ஹூட்ஸ் பேக்குப் போய்ப் பாருங்கள், விட்பிக்குப் பக்கம்தான். மேட்டில் பழைய செயின்ட் ஸ்டீபன் சர்ச், 1822இல் முடிந்தது, முழுக்கப் பெட்டி இருக்கைகள். ஊருக்கு 1870இல் புதுச் சர்ச் வந்ததும் இது ஓய்ந்துபோனது. புதியதைக் கட்டியவர் ஸ்டிரீட் என்ற பெரிய கட்டடக்கலைஞர். ஒரே நாளில் இரண்டுக்குள்ளும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எதில் பிரசங்கம் நன்றாகக் கேட்கும் என்று எழுதுங்கள்.