பதில்: பழைய ப்ளாஸ்டிக் ட்ரீ கார்டை காயலான் கடையில வாங்க மாட்டேங்குறாங்க

வணக்கங்க, வேளச்சேரில உங்க தெரு மரத்துல கழட்டுன பச்சை ட்ரீ கார்டெல்லாம் (கன்னைச் சுத்தி கட்டுற பாதுகாப்புக் கூண்டு) காயலான் கடைக்காரர் வேணாம்னுட்டார்னு கேட்டிருந்தீங்க. பெரும்பாலும் கட்டுக்கம்பியும் மண்ணும் ஒட்டிக்கிட்டிருக்கறதுதான் பிரச்சனை, அதனால மொதல்ல கம்பி, கயிறெல்லாம் வெட்டிட்டு கழுவி காயவெச்சு, ஓரத்துல முக்கோணத்துக்குள்ள நம்பர் இருக்கான்னு பாருங்க, 2ன்னா ஹெச்டிபிஇ, 5ன்னா பிபி, ரெண்டும் வேற வேற ப்ளாஸ்டிக் வகை, அதனால ரெண்டையும் தனித்தனியா கட்டி மொத்தமா கேட்டுப் பாருங்க. விரலால மடக்கும்போது பட்டுனு ஒடிஞ்சு பொடியா உதிர்ந்தா வெயில்ல செத்துப்போச்சு, அது மறுசுழற்சிக்கு உதவாது, கார்ப்பரேஷன் வண்டில உலர் குப்பையா குடுத்துடுங்க, தயவுசெஞ்சு கொளுத்தாதீங்க. நல்லா வளையறத புதுக் கன்னுக்கே திரும்ப கட்டுங்க, என்னைக் கேட்டா அதான் பெஸ்ட். அப்புறம், மரம் பெருத்து கார்டு பட்டைக்குள்ள பதிஞ்சிருந்தா இழுக்கவே இழுக்காதீங்க, பட்டை உரிஞ்சிடும், வெளிய தெரியறத மட்டும் கட்டர்ல துண்டு துண்டா எடுங்க.