லண்டன், கனடா ரிக்கெற் கேள்விகள்: பல வருசம் ரிக்கெற் போட்டுக் குடுத்த அண்ணையின் பதில்கள்

கொக்குவில் தம்பி: அண்ணை, கொழும்பிலயிருந்து ரொறன்ரோ எவ்வளவு தூரம்? லண்டனால போனா சுத்து எண்டு சொல்லுறாங்கள், உண்மையோ?

நேரடி பிளேன் இல்லை தம்பி. ஆகக் குறுகிய பாதை ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். அது நீர் நினைக்கிற மாதிரி மேற்காலை போகாது. மத்திய ஆசியா, ரஷ்யாவுக்கு மேலால வடக்க ஏறி, கிறீன்லாந்தைக் கடந்து கனடாவுக்குள்ள இறங்கும். பிள்ளையளின்ர பூமி உருண்டையில ஒரு நூலைப் பிடிச்சுப் பாரும், விளங்கும்.

இனிக் கணக்கைப் பாரும். துபாயால போனால் 3,300, பிறகு 11,000 சொச்சம். மொத்தம் 14,400க்குக் கிட்ட. லண்டனால போனால் 8,700, பிறகு 5,700, அதுவும் 14,400தான். எந்தப் பக்கத்தால போனாலும் பறக்கிற நேரம் பதினெட்டரை, பத்தொன்பது மணித்தியாலம் வரும். வித்தியாசம் முழுக்க இடையில குந்தியிருக்கிற நேரத்திலதான். என்னைக் கேட்டால் மூண்டு மணித்தியால இடைவெளி நல்லது. ஒண்டேகால் மணித்தியாலத்தில அடுத்த பிளேனைப் பிடிக்கலாம் எண்டு மலிவு ரிக்கெற் காட்டினால், வயசான ஆக்களோட போறவை வாங்காதேங்கோ.

உரும்பிராய் அக்கா: யூலையில லண்டனுக்கு ரிக்கெற். பகல் 1 மணிக்கு வெளிக்கிட்டு இரவு 7.30க்குப் போய்ச்சேருமாம். அப்ப ஆறரை மணித்தியாலம்தானே?

இல்லை அக்கா, பதினொரு மணித்தியாலம். ரிக்கெற்றில கிடக்கிறது அந்தந்த ஊர் நேரம். கோடையில லண்டன் எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பின்னால, அதையும் கூட்டுங்கோ. ஒக்ரோபர் கடைசி ஞாயிறிலயிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை அது அஞ்சரை.

அவவே: திரும்பி வரேக்க நேரம் குறைவாக் காட்டுதே?

உயரத்தில மேற்கிலயிருந்து கிழக்கால ஒரு காத்து ஓடுது. வரேக்க முதுகில தள்ளும், போகேக்க முகத்தில அடிக்கும். மாரியில வலு கூட; சிலவேளை மணிக்கு 300 கிலோமீற்றரையும் தாண்டும்.

சுன்னாகம் ஐயா: பலாலி–சென்னை 355 கிலோமீற்றர்தானே? அதுக்கேன் ஒண்டேகால் மணித்தியாலம்?

அது ஜெற் இல்லை ஐயா, ஏ.ரி.ஆர். 72, விசிறி பிளேன். நல்லா ஓடினாலும் மணிக்கு 500 கிலோமீற்றர்தான். பிளேன் நிக்கிற இடத்தை விட்டு நகருறதிலயிருந்து, அங்க போய் நிக்கிற வரைக்கும் எல்லாம் அந்த நேரத்துக்குள்ள அடக்கம். சென்னையால லண்டன் போற யோசினை இருந்தால் இரண்டையும் ஒரே ரிக்கெற்றாக எடுங்கோ. தனித்தனி எண்டால் சென்னையில பெட்டியை எடுத்துத் திரும்பப் போட வேணும். வெளியில வர இந்திய விசாவும் வேணும்.

நல்லூர் தங்கச்சி: கொழும்புக்கு லண்டனோ மெல்பேணோ கிட்ட?

மெல்பேண். 8,350 கிலோமீற்றர்.

சாவகச்சேரி மாமி: விடிய 4 மணிக்குக் கட்டுநாயக்காவில பிளேன். எத்தினை மணிக்கு வான் பிடிக்க?

முதல் நாள் பின்னேரம் 4 மணிக்கு, மாமி. வான் ஏழெட்டு மணித்தியாலம் எடுக்கும்; நாலரை மணித்தியாலத் துபாய்ப் பறப்பை விட எங்கட வான் ஓட்டந்தான் நீளம்! பிளேனுக்கு மூண்டு மணித்தியாலம் முந்தி உள்ளுக்க நிக்க வேணும். வழியில சாப்பிட, ரயர் காத்துப் போனால் மாத்த எண்டு ஒரு மணித்தியாலம் கூட வையுங்கோ. வான்காரத் தம்பி "அஞ்சு மணி காணும் அன்ரி" எண்டுவார், கேளாதேங்கோ.