டிஜே டர்ன்டேபிளில் (ரெக்கார்டைச் சுற்ற வைத்து இசைக்கும் மெஷின்) டார்க் எவ்வளவு இருக்க வேண்டும்? டார்க் அதிகமாக இருந்தால் மெஷின் நீண்ட நாள் உழைக்குமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: உழைக்கும் என்று சொல்ல முடியாது. டார்க் வேறு, ஆயுள் வேறு.

டார்க் என்பது மோட்டாரின் முறுக்குவிசை. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்ற டர்ன்டேபிள் 1979-இல் வந்தது. அதன் தொடக்க டார்க், அதாவது நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது கிடைப்பது, 1.5 கிலோகிராம்-சென்டிமீட்டர். மையத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி 1.5 கிலோ இழுவிசை என்று அர்த்தம். 12 அங்குல ரெக்கார்டின் விளிம்பு மையத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே அதே டார்க் தரும் இழுவிசை வெறும் 100 கிராம்தான். அந்த 100 கிராமை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க முப்பது வருஷம் ஸ்கிராட்ச் (ரெக்கார்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து ஒலி எழுப்புவது) செய்தார்கள்.

எப்படி முடிந்தது? ஸ்லிப்மேட்டால், அதாவது ரெக்கார்டுக்கு அடியில் போடும் வழுக்கும் விரிப்பால். நீங்கள் பிடித்து நிறுத்துவது ரெக்கார்டை மட்டும்தான், அடியில் பிளாட்டர் (மோட்டார் சுற்றும் தட்டு) சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஸ்லிப்மேட்டின் உராய்வு பிளாட்டரை இழுக்கும் விசையைவிட மோட்டாரின் டார்க் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும்.

போதாவிட்டால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். முதலில் வாங்கியது ஒரு பெல்ட் டிரைவ் மெஷின், மோட்டார் ரப்பர் பெல்ட் வழியாகப் பிளாட்டரைச் சுற்றும் வகை. ரெக்கார்டைப் பிடித்தால் பிளாட்டரும் சேர்ந்து தடுமாறி நிற்கும். கையை விட்டால் பாட்டு இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும், அதற்குள் பீட் கைவிட்டுப் போயிருக்கும். ரப்பர் பெல்ட் வழுக்கும், நாளாக நாளாகத் தளர்ந்தும் போகும். டிஜே வேலைக்கு மோட்டார் பெல்ட் இல்லாமல் பிளாட்டரை நேரடியாகச் சுற்றும் டைரக்ட் டிரைவ்தான் வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது பயோனியர் பிஎல்எக்ஸ்-1000 போன்றவற்றில் டார்க் 4.5 வரை கிடைக்கிறது. பின்னால் இழுத்து விட்டதும் சட்டென்று வேகம் பிடிக்கும், வேகமாக ஸ்கிராட்ச் செய்பவருக்கு அது உண்மையிலேயே உதவும். பீட் மேட்சிங் (இரண்டு பாட்டின் வேகத்தை ஒன்றாக்குவது), மிக்ஸிங் மட்டும் செய்பவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. 2019-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே7-இல் டார்க் 1.8தான், அதையும் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இனி ஆயுள். எம்கே2-இன் மோட்டாரில் தேய்ந்துபோக பிரஷ் (மின்சாரம் கடத்த உரசிக்கொண்டே இருக்கும் துண்டு) கிடையாது. காந்தம் பிளாட்டரின் அடியிலேயே இருக்கிறது, காயில்கள் உடம்பில். பெல்ட், கியர் எதுவும் இல்லை, சுற்றுவது ஒரே ஒரு தண்டு. அதற்கு எப்போதாவது ஓரிரு சொட்டு எண்ணெய். மோட்டார் போய்விட்டது என்று ஒருவர் சொல்லி இதுவரை நான் கேட்டதில்லை. பழுதாவதெல்லாம் சுற்றியிருப்பவைதான்: பிட்ச் ஃபேடர் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி), ஹெட்ஷெல் (ஊசி பொருத்தும் தலை) முனைகள், ஆடியோ கேபிள், டோன்ஆர்மின் (ஊசியைத் தாங்கும் கை) பேரிங். வாங்கும்போது கண் இங்கேதான் இருக்க வேண்டும்.

பழைய மெஷின் பார்க்கப் போனால் நான் செய்வது இதுதான். பிட்ச்சைப் பூஜ்யத்தில் வைத்து ஓட விட்டு, பிளாட்டர் விளிம்பில் இருக்கும் பெரிய புள்ளிகளை ஸ்ட்ரோப் (மெஷினிலேயே இருக்கும், வேகமாகத் துடிக்கும் விளக்கு) வெளிச்சத்தில் பார்ப்பேன். அசையாமல் நிற்க வேண்டும். ஒரு விரலால் ரெக்கார்டை லேசாகப் பிடிப்பேன். புள்ளிகள் அப்போதும் நகரக் கூடாது, ஒரு கணம் நகர்ந்தாலும் உடனே நிலைக்கு வந்துவிட வேண்டும். ஸ்பெக் ஷீட்டில் உள்ள எண்ணைவிட இந்த ஒரு விநாடியைத்தான் நான் நம்புவேன். பிறகு ஃபேடரை மேலும் கீழுமாக மெதுவாக நகர்த்துவேன். எம்கே2-இல் பூஜ்யத்தை ஒட்டிக் கொஞ்ச தூரம் வேகம் மாறாது, அது பழுதல்ல, அந்த மாடலின் சுபாவம். மற்ற இடங்களில் வேகம் குதித்தால் ஃபேடருக்குள் அழுக்கு, அல்லது தேய்மானம். கடைசியாக டோன்ஆர்மை எடை சமன் செய்து மிதக்க விட்டு, அடிப்பகுதியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்ப்பேன். துளி ஆட்டம் இருந்தாலும் வாங்க மாட்டேன். கேபிளை மாற்றிவிடலாம், ஃபேடரையும் மாற்றிவிடலாம். தளர்ந்த டோன்ஆர்ம் பேரிங்கைச் சரியாகப் பொருத்தத் தெரிந்த கைகள் குறைவு.