டிஜிட்டல் நூலக, ஆவணக்காப்பக ஆய்வுக்கு ஏன் தனியாக விருது கொடுக்கிறார்கள்?

கணினிக் கோப்புகளும் இணையப் பக்கங்களும் பல ஆண்டுகள் கழித்தும் திறந்து படிக்கும்படி இருக்க வழி தேடுவது இந்த ஆய்வின் முக்கியமான வேலைகளில் ஒன்று. பிரிட்டனில் 2002இல் தொடங்கிய டிஜிட்டல் பிரிசர்வேஷன் கோயலிஷன் என்ற அமைப்பு, 2004 முதல் இதற்கென்றே விருது வழங்கி வருகிறது.

பாதுகாப்பதில் அப்படி என்ன சிரமம்? பழைய கல்யாண வீடியோ கேசட் பத்திரமாக பீரோவில் இருக்கும், ஆனால் போட்டுப் பார்க்க வீட்டில் டெக் இருக்காது. கோப்புகளின் கதையும் அதேதான். கோப்பு அழியாமல் இருக்கும், அதைத் திறக்கும் மென்பொருள் வழக்கொழிந்து போயிருக்கும். இணையப் பக்கம் இன்னும் மோசம், முகவரி அப்படியே இருக்க உள்ளடக்கம் மட்டும் மாறிவிடும்.

2010இல் அந்த விருதைப் பெற்ற மெமென்டோ என்ற திட்டம் இந்த இரண்டாவது சிக்கலைத்தான் கையில் எடுத்தது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகமும் ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. ஒரு பக்கத்தின் முகவரியோடு ஒரு தேதியையும் கொடுத்தால், வெவ்வேறு இணையக் காப்பகங்களில் இருக்கும் பிரதிகளில் அந்தத் தேதிக்கு நெருக்கமானதைக் காட்டும். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அதுவரை ஒவ்வொரு காப்பகத்திலும் நாமே போய்த் தேட வேண்டியிருந்தது. 2013இல் இந்த முறை ஆர்எஃப்சி 7089 என்ற, இணையத் தொழில்நுட்பத்தை விவரிக்கும் ஆவணமாகவும் வெளியானது.

இத்தகைய வேலை நன்றாக நடந்தால் யார் கண்ணிலும் படாது. பணம் ஒதுக்குகிறவர்கள் கண்ணிலும்தான். விருது தேவைப்படுவது அதனால்தான் என்பேன்.

அப்புறம், ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டாலே பாதுகாத்தாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்கேன் செய்த கோப்பையும் யாராவது தொடர்ந்து பாதுகாத்தாக வேண்டும்.