கீமோ கேட்காமல் போனால் மைக்ரோ ஆர்.என்.ஏ. டெஸ்ட் எடுக்கலாமா?

குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், முதலில் நன்றாகக் கேட்ட கீமோ இப்போது கேட்கவில்லை, மைக்ரோ ஆர்.என்.ஏ. டெஸ்ட்டுக்குப் பணம் கட்டலாமா என்று. இப்போதைக்குக் கட்டாதீர்கள். நான் டாக்டர் இல்லை. காட்பாடியில் ஓர் ஆய்வகத்தில் இந்தப் புற்றுச் செல்களை வளர்த்து, மருந்து கொடுத்துப் பார்க்கும் வேலை செய்தவன்.

கீமோ கேட்காததற்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. காரணமாக இருக்கலாம் என்று உங்களுக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. மைக்ரோ ஆர்.என்.ஏ. சுமார் 22 மரபு எழுத்து நீளமே உள்ள துணுக்கு. செல்லில் எந்தப் புரதம் எவ்வளவு உருவாகலாம் என்பதை அது அடக்கி வைக்கும். இதைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகள் ஆம்ப்ரோஸ், ருவ்குன் இருவருக்கும் 2024-ல் நோபல் கிடைத்தது.

பெருங்குடல் கட்டிகளில் மிர்-21 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. பெரும்பாலும் எகிறிக் கிடக்கும். இந்தப் புற்றுநோய்க்கு வழக்கமாக ஏற்றும் 5-எஃப்.யூ. என்ற கீமோ மருந்து செல்லின் டி.என்.ஏ.வுக்குள் புகுந்து அதைக் கெடுக்கிறது. அந்தக் கேட்டைக் கண்டுபிடித்து, செல்லைச் சாக வைக்கும் வேலையில் எம்.எஸ்.ஹெச்-2 என்ற புரதத்துக்குப் பங்கு உண்டு. மிர்-21 அந்தப் புரதத்தையே குறைத்துவிடுகிறது. மருந்து உள்ளே போய் வேலையும் செய்கிறது, அபாய மணி அடிக்கத்தான் ஆள் இல்லை. இதே புற்றுநோய்க்குப் போடும் செடுக்ஸிமாப் என்ற இன்னொரு ஊசி விஷயத்திலும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் வேலை உண்டு: மிர்-100, மிர்-125பி இரண்டும் கூடும்போது, வழக்கமான மரபணு மாற்றம் எதுவும் இல்லாமலே செல் அந்த மருந்துக்கு அடங்காமல் போவதை 2017-ல் காட்டினார்கள். எனக்கு இதில் தீராத ஆர்வம் உண்டு.

ஆனால் ரிப்போர்ட்டில் மிர்-21 அதிகம் என்று வந்தால் டாக்டர் எந்த மருந்தை மாற்றுவார்? அதைக் குறைக்கும் மருந்து இன்னும் சிகிச்சைக்கு வரவில்லை. மிர்-34 என்ற வேறொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் போலச் செய்த மருந்தை மனிதர்களுக்கு ஏற்றிப் பார்த்த சோதனையைக் கடுமையான பக்கவிளைவுகளால் 2016-ல் நிறுத்த வேண்டியதாயிற்று. ரத்தத்தில் அளப்பதிலும் சிக்கல்: எடுத்த ரத்தத்தில் சிவப்பணு உடைந்தாலே சில அளவுகள் மாறிவிடும்.

அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு, கே.ராஸ், என்.ராஸ், பி.ராஃப் என்ற மரபணுக்களின் பரிசோதனையும் எம்.எம்.ஆர். பரிசோதனையும் முடிந்தனவா என்று கேளுங்கள். ராஸ் மாறியிருந்தால் செடுக்ஸிமாப் பொதுவாகப் பயன்படாது. எம்.எம்.ஆர். பரிசோதனை நான் மேலே சொன்ன எம்.எஸ்.ஹெச்-2 உட்பட நான்கு புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று நேரடியாகவே பார்க்கிறது. ஏதாவது இல்லையென்றால், உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றை எதிர்க்கும் இம்யூனோதெரபிக்கு வழி இருக்கிறது. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை நிறுத்தியிருந்தால், அது கேட்காததாலா, கை கால் மரத்துப்போனதாலா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கோ வேறு எங்கோ இரண்டாவது கருத்துக்குப் போவதானால், பயாப்ஸி எடுத்த இடத்தில் ஸ்லைடோடு, கட்டித் துண்டைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். இந்தப் பரிசோதனைகளைப் பெரும்பாலும் அதிலிருந்தே செய்துவிடலாம், அப்பாவை மறுபடி குத்த வேண்டியிருக்காது.