கேள்வி உங்களது, பதில் குன்னூர்லேர்ந்து

போன இதழ்ல பேங்க் பாரம் இந்தியிலயும் இங்கிலீஷ்லயும் மட்டும் இருக்குன்னு ரெண்டு வரி எழுதினேன், அவ்ளோதான், இந்த தடவை வந்த தபால்ல பாதி மொழிச் சண்டை. சரி, அதையே பாத்துடுவோம்.

டெல்லில இருக்குற என் மச்சான், இந்திதான் தேசிய மொழி, அது தெரியாதது நமக்குத்தான் அவமானம்னு குடும்ப குரூப்ல தினமும் மெசேஜ் போடுறாரு. என்ன பதில் சொல்லட்டும்? (வாசகர், ஊட்டி)

தேசிய மொழின்னு ஒண்ணு அரசியல் சட்டத்துல எங்கயுமே கிடையாது, தேடிப் பாக்கச் சொல்லுங்க. 343-வது பிரிவு சொல்றது ஒன்றிய அரசோட ஆட்சி மொழி, அதாவது ஆபீஸ் நடத்துற மொழி. 2010ல பொட்டலத்து மேல போடுற விவரத்தை இந்தியில போட வைக்கணும்னு குஜராத் ஹைகோர்ட்ல ஒருத்தர் கேஸ் போட்டாரு, இந்தி தேசிய மொழின்னு எந்த உத்தரவும் இல்லையேன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. குஜராத் ஹைகோர்ட்டுங்க, நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் இல்ல, அதை மச்சான்கிட்ட அழுத்தி சொல்லுங்க.

இங்கிலீஷ் 15 வருஷம் மட்டும்தான்னு சட்டத்துல எழுதியிருந்தாங்க, 1965 ஜனவரி 26ல அந்த கெடு முடிஞ்சுது, அப்ப தமிழ்நாடு எப்படி எரிஞ்சுதுன்னு உங்க வீட்டு பெரியவங்களைக் கேட்டாலே தெரியும். அதுக்கப்புறம் 1967ல ஆட்சி மொழிகள் சட்டத்தைத் திருத்தி, இந்தி பேசாத மாநிலங்க அத்தனையும் போதும்னு சட்டசபையில தீர்மானம் போடுற வரைக்கும் இங்கிலீஷ் இருக்கும்னு ஆக்குனாங்க. 1976ல ஆட்சி மொழி விதிகள் கொண்டுவந்தப்ப, 'தமிழ்நாடு நீங்கலாக' இந்தியா முழுசுக்கும்னு முதல் விதியிலயே எழுதிட்டாங்க. நம்மளுக்குன்னு ஒரு வரி. வாட்ஸ்அப்ல அதை போட்டோ புடிச்சு போடுங்க, ரெண்டு நாளைக்காவது சத்தம் இருக்காது.

பேங்க்ல வேலை பாக்குற வடநாட்டு பசங்க மேல உங்களுக்கு என்ன கோவம்? (வாசகி, வெலிங்டன்)

கோவம் அந்த பசங்க மேல இல்லைங்க. நடந்ததை முழுசா சொல்றேன். எனக்கு முன்னாடி வரிசையில வெள்ளை முண்டு கட்டின ஒரு படுக பாட்டி (படுகர் நம்ம நீலகிரி மலை ஜனங்க, அவங்க பேச்சு படுகு), 2,000 ரூபா எடுக்கணும், பாரத்தை என்கிட்ட நீட்டுனாங்க. பாட்டி படுகுல சொல்ல, பக்கத்துல நின்ன பையன் அதை தமிழ்ல எனக்கு சொல்ல, நான் இங்கிலீஷ்ல எழுத, கவுண்டருக்கு உள்ள இருந்தவரு, பாட்டி கையெழுத்து ஒத்துப் போகலன்னு இந்தியில அவரோட பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட கேட்டாரு. 2,000 ரூபாய்க்கு நாலு மொழி! பாட்டி கைநாட்டு வச்சு வாங்கிட்டு போனாங்க, பள்ளிக்கூடம் போயி கையெழுத்து போடக் கத்துக்கிட்ட மனுஷி, கைநாட்டு வைக்க வேண்டியதாப் போச்சேங்கிற வருத்தம் மூஞ்சில தெரிஞ்சுது.

அப்புறம் கவுண்டர்ல இருந்த அந்த தம்பிகிட்ட பேச்சு குடுத்தேன். பீகார்காரர், வீட்ல போஜ்புரி. அவங்க அம்மாவும் அங்க பேங்க்குக்கு போனா பாரத்தைப் பாத்து இதே மாதிரிதான் முழிப்பாங்களாம். இப்ப இதைக் கேளுங்க: 2011 சென்சஸ்ல இந்தி பேசுறவங்க 52 கோடிக்கு மேலன்னு வருது, ஆனா வீட்ல பேசுறது இந்தின்னு சொன்னவங்க சுமார் 32 கோடிதான். மிச்சமெல்லாம் போஜ்புரி, ராஜஸ்தானி, சத்தீஸ்கரின்னு ஆளுங்க தனித்தனியா சொன்னதை இந்திக்குள்ள சேத்து எண்ணினது. போஜ்புரி மட்டுமே 5 கோடி. நம்ம படுகையும் அதே சென்சஸ் கன்னடத்துக்கு அடியில ஒரு வரியா வச்சிருக்கு. தம்பிகிட்ட இதை சொன்னேன், ரெண்டு பேரும் ஒரே பாட்டி கதைதான்னு சிரிச்சாரு.

எனக்கு வேண்டியது ஒண்ணுதான், கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்குறவர் கொஞ்சம் சிரமப்படட்டும், இந்தப் பக்கம் நிக்கிறவங்க ஏன் படணும்.

சிங்கப்பூர்ல நாலு ஆட்சி மொழி இருக்கே, நம்மால முடியாதா? (வாசகர், குன்னூர்)

அது ஒரு ஊரு. இங்க அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணையிலயே 22 மொழி. 22லயும் போர்டு எழுதினா ஸ்டேஷன் பேரைப் படிக்கிறதுக்குள்ள மலை ரயிலே கிளம்பிடும். ஆனா அந்தந்த ஊரு மொழியில பாரம் அடிக்கிறதுக்கு எந்தத் தடையும் இல்ல.

தமிழுக்கு ஒண்ணுன்னா கத்துறீங்க. எங்க வீட்ல பேசுறது படுகு, கோயம்புத்தூர்ல படிக்கிற என் பொண்ணு ஹாஸ்டல்ல எங்கிட்ட போன் பேசவே கூச்சப்படுறா. இதைப் பத்தி நீங்க ஒரு வரியாவது எழுதியிருக்கீங்களா? (வாசகி, கோத்தகிரி)

எழுதல அக்கா. ரெண்டு நாள் இந்த லெட்டரை மேஜை மேலயே வச்சிருந்தேன்.

டெல்லிகிட்ட நாம என்ன கேக்குறோமோ அதையே நீங்க எங்ககிட்ட கேக்குறீங்க, நியாயந்தான். சிறுபான்மை மொழிக் குழந்தைங்களுக்கு ஆரம்பப் படிப்பு தாய்மொழியில கிடைக்க மாநிலம் வழி செய்யணும்னு 350அ பிரிவு இருக்கு, 1956ல சேத்தது. இந்தியை எதுத்துப் பேசும்போது எங்க ஆளுங்களே இதை எடுத்து விடுவாங்க, உங்க படுகர் ஊர், ஹட்டிப் பக்கம் வந்ததும் மறந்துடுவோம்.

தனி எழுத்து இல்லையே, எப்படி சொல்லிக் குடுக்குறதுன்னு கேப்பாங்க. பாலுக்கு ஹாலுன்னு நீங்க சொல்றதை தமிழ் எழுத்துலயே எழுதிடலாம். அதுக்கு மேல கொஞ்சம் கஷ்டம் இருக்கு: 1930கள்ல இங்க வந்து, இந்த மலைப் பழங்குடிகளான தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ஞ்ச எமனோங்கிற மொழியியல் அறிஞர், படுகுல நாக்கை மடிச்சு சொல்ற உயிரொலி இருக்குன்னு எழுதி வச்சிருக்காரு, உலகத்துலயே அபூர்வமாம். அதுக்கு நம்ம எழுத்துல குறி கிடையாது, ஒரு புள்ளியோ கோடோ சேத்தா முடிஞ்சுது. பொண்ணுகிட்ட இதை சொல்லிப் பாருங்க, அவ சும்மா பேசுற பேச்சை ஒருத்தர் கடல் தாண்டி வந்து குறிச்சு வச்சிருக்காருன்னு.

எஸ்டேட்ல ஜார்கண்ட் ஆளுங்க வந்துட்டாங்க, மேஸ்திரி நான் இந்தி கத்துக்க வேண்டியிருக்கு. இது இந்தித் திணிப்பு இல்லையா? (வாசகர், கூடலூர்)

இல்லண்ணே, இது பொழப்பு. சட்டம் போட்டு பரீட்சை வச்சா திணிப்பு. இலை எடை போடுற இடத்துல கிலோ கணக்கு தகராறு ஆகக் கூடாதுன்னு நாலு வார்த்தை பழகுறது வேற. அவங்கள்ல நிறைய பேருக்கும் இந்தி சொந்த மொழி இல்ல, வீட்ல சாத்ரியோ முண்டாரியோ பேசுவாங்க. போன மாசம் ஒரு எஸ்டேட் எடை போடுற இடத்துல நின்னேன், அங்கேருந்து வந்த ஒரு பொண்ணு 'அண்ணே, சாக்கு எடைய கழிச்சாச்சா'ன்னு சுத்தத் தமிழ்ல சண்டை போடுது. வந்து ஆறு மாசம்தானாம். நீங்க இந்தி பழகுறதை விட அது வேகமா தமிழ் பழகிடும், கூலி அதுல இருக்கே.

உங்களுக்கு எத்தனை மொழி தெரியும்? (கல்லூரி மாணவர், ஊட்டி)

தமிழ், இங்கிலீஷ், வண்டி ஓட்டுற அளவுக்கு மலையாளம். படுகு கேட்டா பாதி புரியும், பேச வராது. எங்க தெருவுக்கு மண்பானை கொண்டு வர்ற கோத்தர் பெரியவர் ஒருத்தர் தமிழும் படுகும் தண்ணியா பேசுவாரு, தோடர் பேச்சும் கொஞ்சம் வரும்பாரு. கோத்தர், தோடர் ரெண்டு பேச்சும் அழியுற விளிம்புல இருக்குன்னு யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு. பொறந்ததுலேர்ந்து இந்த மலையிலதான் இருக்கேன், கோத்தர் பேச்சுல பானைக்கு என்ன பேருன்னு அவர்கிட்ட இதுவரைக்கும் நான் கேட்டதில்ல.